பாதியில் விட்ட நிரை

மலையில் பிறந்து, மலையில் வேலை செய்து, மலையிலேயே மண்ணுக்குள் போகப்போகிறவன் ஒருவன் "நுவரெலியாவுக்கு மலை பாக்கப் போறேன்" என்று சொன்னால் லயத்தில், எங்கள் வரிசைக் குடியிருப்பில், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். எனக்கு அது புதிதில்லை. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் வருடா வருடம் கோமாளி வேடம் எனக்குத்தான். முகத்தில் மாவு பூசாத நாட்களிலும் என்னைக் கண்டதும் ஆட்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். "மழ வரும்போல இருக்கு" என்று நான் சொன்னால்கூடச் சிரிப்பார்கள். நனைந்த பிறகு என்னைத் திட்டுவார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் சுதந்திரம் எங்கள் பக்கம் வந்தபோது கையிலிருந்த வோட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தது. நீ எந்த நாட்டுக்காரன் என்று யாராவது கேட்டால், இன்ன லயத்துக்காரன் என்று மட்டும் சந்தேகமில்லாமல் சொல்லலாம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். எனக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கொழுந்தை வாட்டி, அரைத்து, தேயிலைத் தூளாக்குகிற ஆலை. என் மனைவிக்கு மலையில் கொழுந்தெடுக்கிற வேலை. வேகமான கை என்று பெயர் வாங்கியவள்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்து ஒரே நாளில் போய்விட்டது. காலையில் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், விட்டுவிட்டு அவள் மலைக்குப் போனாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஸ்டோருக்கும் மலைக்கும் ஆள் அனுப்பினார்கள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆயாம்மா குழந்தையை மடியில் வைத்திருந்தாள். தூரத்து மலையிலிருந்து என் மனைவி இறங்கி வந்தபோது மடியிலிருந்தும் இறக்கிவிட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. கூடையைச் சுவரில் ஆணியில் கவிழ்த்து மாட்டிவிட்டாள். சோறு ஆக்கினாள், எங்கள் ஒற்றையறைக் காம்பராவைக் கூட்டினாள், தண்ணீர் எடுத்து வந்தாள். அழவில்லை. பேச்சும் தேவைக்கு மட்டும். "உப்பு இருக்கா?" என்றால் "இல்ல" என்பாள். இருந்தால் அதுவும் சொல்லமாட்டாள், எடுத்து வைப்பாள். நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். பெரிய தொரை நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். லயத்தில் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நடை அது. அவள் என் காலைப் பார்த்துவிட்டு, "காலக் கழுவிட்டு வா, சேறா இருக்கு" என்றாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கங்காணி வந்தார். எனக்கு மாமா முறை. பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிட்டு, மலையில் பெண்களுக்கு வேலை பிரித்துக்கொடுத்து மேய்ப்பது அவர்தான். அவருக்கு மேல் அதிகாரி கண்டாக்கையா. காம்பராவுக்குள் வராமல் வாசலிலேயே நின்று, குரலைத் தணித்துக் கூப்பிட்டார்.

"மாப்ள, இங்க வா. எத்தன நாளைக்கு நான் பெரட்டுல அவ பேரக் கூப்புட்டுட்டு பேசாம நிக்கிறது?"

"அவ இன்னும் சரியாகல மாமா."

"எனக்குத் தெரியாதா? கண்டாக்கையாவுக்குத் தெரியணுமே. வர்ற திங்கக்கெழம பெரட்டுக்கு வரலன்னா பேர வெட்டிருவேன்னு சொல்லிட்டாரு. பேரு போனா காம்பராவும் ஒனக்குத் தனியா நிக்காது. வேற குடும்பத்தோட சேத்துப் போட்டுருவாங்க."

"திங்கக்கெழமன்னா நாள மறுநாளு."

"ஆமா. எண்ணத் தெரிஞ்சவனாச்சே நீ." சிரிக்காமல் சொன்னார். என் வீட்டு வாசலில் நின்று சிரிக்காமல் பேசியவர் அன்று அவர் ஒருவர்தான். போகும்போது ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

பெயர் வெட்டுப்படுவது பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. எதிரில் உட்கார்ந்து சோறு போடுகிறவள் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ போய்க்கொண்டிருந்தாள். கூடையை எடுத்து முதுகில் மாட்டினால் திரும்பி வருவாள், மாட்டாவிட்டால் போயே விடுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அது சரியா தப்பா என்று கேட்க ஆளில்லை.

நுவரெலியா யோசனை பங்களாச் சமையல்காரரிடமிருந்து வந்தது. அப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சின்னத் தொரையின் மனைவிக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனபோது அந்தத் தொரைச்சாணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளாம். தொரை அவளை நுவரெலியாவில் கொண்டுபோய் வைத்தாராம். ஏரியைச் சுற்றி நடந்து, பூத்தோட்டம் பார்த்து, திரும்பி வரும்போது கன்னம் சிவந்து வந்தாளாம்.

"காத்து மாறணும்டா. வெள்ளக்காரன் மருந்தே அதான்" என்றார் அப்பு.

"எங்களுக்கும் அந்தக் காத்து வேல செய்யுமா அப்பு?"

"காத்துக்குத் தெரியுமா நீ யாருன்னு?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கே தங்க எங்களுக்கு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எவ்வளவு காற்று பிடிக்க முடியுமோ அவ்வளவையும் பிடித்துக்கொண்டு வரலாம் என்று முடிவு செய்தேன். அவளிடம் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு, குளிருக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க மாப்ள, ஜோடியா?" என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டார்கள்.

"நுவரெலியாவுக்கு. மலை பாக்க."

சிரிப்புச் சத்தம் லயத்தின் கடைசிவரை எங்களோடு கூடவே வந்தது.

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். முன்னால் முதல் வகுப்பில் ஒரு வெள்ளைக்கார ஜோடி பெட்டிக்கு வெளியே தலையை நீட்டி, ஒவ்வொரு வளைவிலும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தது. நானும் ஆச்சரியப்பட முயற்சி செய்தேன். வெளியே தேயிலை. வளைவு திரும்பினால் தேயிலை. சுரங்கத்துக்குள் போய் இருட்டாகி, மறுபடி வெளிச்சம் வந்தால் தேயிலை. கவ்வாத்து வெட்டிய மலை எது, உரம் போட்ட மலை எது, எந்தத் தோட்டத்தில் ஆள் குறைவு என்று என் கண் தானாகக் கணக்கெடுத்தது. தொரைமார் மாதிரி பார்க்க வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நானுஓயாவிலிருந்து பஸ். நுவரெலியாவுக்குள் நுழைந்ததும் எனக்கு பிஸ்கட் டின் மூடியில் இருக்கிற படத்துக்குள் வந்துவிட்டது போல இருந்தது. புகைக்கூண்டு வைத்த வீடுகள், சுற்றி ரோஜாச் செடிகள், குதிரை ஓடுவதற்கென்று புல் வெட்டிய மைதானம், பந்தடிப்பதற்கென்று இன்னொரு மைதானம். அவ்வளவு நிலத்தில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. நிலத்தை இப்படிச் சும்மா வைத்திருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். நாட்டிலேயே உயரமான மலை அதோ அங்கேதான் என்று பஸ்ஸில் ஒருவர் கை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் மூடுபனி மட்டும் இருந்தது. நான் மரியாதைக்காக அதையும் பார்த்து வைத்தேன்.

தூறல் விழுந்தது. ஒரே குடைக்குள் ஏரிப்பக்கம் நடந்தோம். அங்கேதான் என் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் தோட்டத்தில் தொரை எதிரே வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரக் காணுக்குள், வடிகாலுக்குள், இறங்கி நிற்க வேண்டும். அது உடம்பில் ஊறியது. யோசித்துச் செய்வதில்லை. நுவரெலியாவில் யாரைப் பார்த்தாலும் தொப்பி போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு தொப்பிக்கும் குடையை மடக்கிக் காணோரம் ஒதுங்கினேன். அவளும் கூடவே ஒதுங்கினாள். ஒரு தொப்பிக்காரர் பக்கத்தில் வந்ததும் பார்த்தால், கையில் இறைச்சிப் பொட்டலம் வைத்திருந்த ஏதோ ஒரு ஹோட்டல் ஊழியர். எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்து அவரும் எதிர்க் காணோரம் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் யாரும் ரோட்டில் நடக்கவில்லை.

வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் லயத்தைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேறெதுவும் அசையவில்லை.

ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். படகுகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இதத்தான் தொரச்சாணி சுத்திச் சுத்தி நடந்தாளாம்" என்றேன்.

"போவமா?" என்றாள்.

பூங்காவுக்குப் போனோம். நல்ல பூக்கள். சில பூக்கள் முட்டைக்கோசு அளவு இருந்தன. "இத எந்தக் கறிக்குப் போடுவாங்களோ" என்றேன். "போவமா?" என்றாள். காற்று மாறத்தான் செய்தது. குளிர் காற்றாக இருந்தது இன்னும் குளிர்ந்த காற்றாக மாறியது.

திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெலிமடை ரோட்டில் இன்னும் பெரிய பூந்தோட்டம் ஒன்று இருப்பதாகவும் தொரைச்சாணி அங்கேயும் போனதாகவும் அப்பு சொல்லியிருந்தார். வைத்தியம் பார்ப்பது என்று வந்துவிட்டால் மருந்தை மிச்சம் வைக்கக்கூடாது. மறுபடி பஸ் ஏறினோம். சீதா எலியவில் ஆற்றோரத்துக் கோயில் வந்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். அவளும் கையைக் கூப்பினாள். உதடு அசையவில்லை. சாமியிடம்கூட அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பூந்தோட்டம் மலைச்சரிவில் படிப்படியாக ஏறிப்போனது. பின்னால் செங்குத்தான பாறை. மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர் எழுதி ஆணி அடித்திருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தயங்காமல் படித்துக் காட்டினேன். "இது வெள்ளக்கார மரம். இது அதோட தம்பி மரம். இது ரெண்டுக்கும் சண்ட, அதான் தள்ளி வச்சிருக்காங்க." அவள் எனக்கு முன்னால் நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.

மேல்படி ஒன்றில் திரும்பியதும் நின்றாள்.

அங்கே ஒரு நிரை தேயிலைச் செடி இருந்தது. கொழும்பிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வருகிறவர்களுக்குத் தேயிலை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு பலகை. செடிகளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கைக்கு எட்டியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஒடித்திருந்தார்கள். ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் முழங்கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. முற்றிய இலையோடு சேர்த்துப் பிய்த்ததில் காம்புகள் கிழிந்து தொங்கின.

"யாரு இத இப்புடிப் பிச்சு வச்சது?" என்றாள்.

அன்று காலையிலிருந்து "போவமா" தவிர அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. நான் பதில் சொல்வதற்குள் அவள் கம்பளியைத் தோளில் தள்ளிவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகி மடியாக்கிக்கொண்டு செடியிடம் போய்விட்டாள். முதலில் கிழிந்த காம்புகளை ஒடித்துப் போட்டாள். பிறகு இரண்டு கையும் இறங்கின.

ஸ்டோர்க்காரனான எனக்குக் கொழுந்து கூடையில் வந்து சேர்ந்த பிறகுதான் பழக்கம். அவள் எடுக்கும்போது நான் நின்று பார்த்ததே குறைவு. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. கண் ஒன்றையும் பார்க்கவில்லை. விரல் தொட்ட இடத்தில் கொழுந்து இருந்தது. கை நிறைந்ததும் மடிக்குப் போனது, திரும்பி வந்தது. முதல் செடி மேசைபோல மட்டமானது. இரண்டாவது செடிக்கு நகர்ந்தாள்.

"ஏய், இது தோட்டத்து மலையில்ல. அரசாங்கத்துச் செடி. கைய வைக்காத" என்றேன்.

அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சந்தோஷம். அவள் கை வேலை செய்கிறது. மருந்து பிடித்துவிட்டது. நாளைக்குக் கூடையை மாட்டிவிடுவாள்.

கீழ்ப்படியிலிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்தது. கோட்டுப் போட்ட ஐயா, அவர் மனைவி, ஒரு கேமரா. பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணப் பக்கம்.

"இஞ்ச பாருங்கோ, தேயிலை ஆயிற வேலையைச் செய்து காட்டினம்!" என்றார் அந்த அம்மா.

"ஓம், ஓம். இதுக்கெண்டே ஆளை வச்சிருக்கினம் போல. என்ன கெதியாப் போகுது கை!" என்ற ஐயா என்னிடம் திரும்பி, "தம்பி, நீர் கொஞ்சம் விலத்தி நில்லும். படத்துக்குள்ள வாறீர்" என்றார்.

விலகி நின்றேன். கேமரா சொடுக்கியது. யாரோ ஒருவர் வீட்டு ஆல்பத்தில் என் மனைவி இன்றைக்கும் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கலாம். நுவரெலியா போய்வந்ததற்கு எங்களிடம் ஒரு படமும் இல்லை.

அப்போதுதான் விசில் கேட்டது. காக்கிச் சட்டை போட்ட வயதான காவல்காரர் ஒருவர் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"ஏய்! மொகத கரன்னே?"

என்ன செய்கிறாய் என்று கேட்ட சத்தத்தில் யாழ்ப்பாணக் குடும்பம், இது வேடிக்கை காட்டுவதற்கு வைத்த ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு, மெதுவாக வேறு படிக்குப் போய்விட்டது. நான் குடையை மடக்கினேன். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது, மடக்கிய குடையையே இன்னொரு முறை மடக்கினேன்.

"மாத்தயா, கோவிக்க வேணாம்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆரம்பித்தேன். "இவளுக்குத் தேயிலையக் கண்டா கை சும்மா நிக்காது. நல்லவேளை நீங்க பச்சைச் சட்டை போட்டுட்டு வரல." வழக்கமாக இந்த மாதிரி ஒன்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சமாவது இளகும். அவர் முகம் இளகவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. மட்டமாக நின்ற இரண்டு செடிகளையும், அவள் கை வைத்திருந்த மூன்றாவது செடியையும், அதற்கு அப்பால் தலைவிரித்து நின்ற மீதி நிரையையும் பார்த்தார். குனிந்து ஒரு காம்பைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தேயிலை வேலை தெரிந்திருக்கிறது.

"எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார்.

சொன்னேன்.

தலையை ஆட்டிவிட்டு அவளிடம், "சரி, பாதியில வேணாம். இந்த நிரை முடிச்சிட்டுப் போங்க" என்றார். கோபமில்லை. உதவி கேட்பது போலத்தான் சொன்னார்.

அவள் கை நின்றது. கையில் இருந்த கொழுந்து மடிக்குப் போகவில்லை. பிறகு செடிக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

காவல்காரர் என்னைப் பார்த்தார். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, தானே கொண்டுவரப் போனார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னாங்க" என்றாள்.

"என்னைக்கு?"

"புள்ள போன அன்னைக்கு."

பால் குடிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்கள் பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அது எங்கள் தோட்டத்தில் இருந்த வழக்கம்.

"காலையிலேயே புள்ள சரியாப் பால் குடிக்கல. மேலு சுட்டுச்சு. ஆயாம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் மலைக்கு ஏறுனேன். பத்து மணிக்கு எறங்கணும்னு கூடையக் கழட்டிட்டேன். கழட்டிக் கீழ வச்சிட்டேன். கங்காணி மாமாதான் சொன்னாரு, 'பாதியில விடாத புள்ள, கண்டாக்கையா வர்றாரு, இந்த நிரைய முடிச்சிட்டுப் போ'ன்னு."

அவள் கையில் இருந்த கொழுந்து கசங்கிக்கொண்டிருந்தது.

"சரின்னு திரும்பவும் கூடைய மாட்டுனேன். முடிச்சேன். ஒரு கொழுந்து விடாம முடிச்சேன். நிரையோட கோடியில நிக்கிறேன், ஆளு ஓடி வருது."

இது எனக்குத் தெரியாது. பிள்ளை போனதிலிருந்து ஒரே காம்பராவில் இருந்தும், அவள் எதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்று தெரியாமல் எதிரில் தொரை நடை நடந்து காட்டியிருக்கிறேன். நீ இறங்கிப் போயிருந்தாலும் பிள்ளை தங்கியிருக்காது, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் சொன்னார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீ போயிருந்தாலும்…"

"சொல்லாத."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"ஒன்னும் சொல்லாத. என்னையச் சிரிக்க வச்சிராத. அது மட்டும் செஞ்சிராத."

அப்போதுதான் அவள் அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாதவள், மொட்டையும் மயிருமாக நின்ற ஒரு நிரைத் தேயிலைக்குப் பக்கத்தில், பூ பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க அழுதாள். நான் அவள் கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுவிட்டேன். செய்வதற்கு வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

காவல்காரர் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தாள். எழுந்து மடியை உதறினாள். கொழுந்து முழுவதும் செடியின் தூரில் விழுந்தது. வழியில் சிந்தின ஒரு கொழுந்தைக்கூடக் குனிந்து பொறுக்குகிறவள் அவள்.

காவல்காரர் மூன்றாவது செடியைப் பார்த்தார். பாதி மட்டம், பாதி காடு. "பரிஸ்ஸமின் யன்ன" என்றார். பத்திரமாகப் போங்கள் என்று அர்த்தம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்னாள்:

"நாளைக்குப் பெரட்டுக்குப் போறேன்."

"சரி."

"ஆனா நிரைய முடின்னு யாரு சொன்னாலும் முடிக்க மாட்டேன். பத்து மணியானா எறங்கிருவேன்."

"எறங்கி?"

"எறங்கிருவேன். பேர வெட்டுனா வெட்டட்டும்."

எறங்கி எங்கே போவாய், யாருக்குப் பால் கொடுப்பாய் என்று கேட்க முடியுமா? ரயிலில் வரும்போது அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. பெயரைக் காப்பாற்றக் கூட்டிக்கொண்டு போனவன், பெயர் போவதற்கு நேரம் குறித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன்.

லயத்தில் காத்திருந்தார்கள். "என்ன மாப்ள, மலை எப்புடி இருந்துச்சு? நம்ம மலைய விடப் பெருசா?"

"இருந்துச்சு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்குத் தப்படித்தார்கள். அவள் ஆணியிலிருந்து கூடையை எடுத்தாள். கயிறு தளர்ந்திருந்தது, இறுக்கினாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள். பெரட்டுக் களத்தில் கங்காணி மாமா பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்" என்றாள். அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பக்கத்தில் கண்டாக்கையா நின்றிருந்தார். எந்த மலை என்று அவர்தான் சொன்னார். பிள்ளை போன அன்று அவள் நின்ற அதே மலையைச் சொன்னார்.

ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில், ஒரு ஜன்னலிலிருந்து அந்த மலை தெரியும். எனக்குக் கீழே வேலை. அன்று காலையில் நான் என்னென்னவோ சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் கேட்டார், "என்னடா, மேல நாடகமா நடக்குது?"

பத்து மணிக்குப் பிள்ளைக்காரிகள் இறங்கத் தொடங்கினார்கள். மலைப்பாதையில் ஒருவர் பின் ஒருவராக, வேகமாக. பால் கட்டிப்போன பெண்களுக்கு அந்த வேகம் இருக்கும். அவர்கள் இறங்கி முடிந்த பிறகு, மேலே செடிகளுக்கு நடுவில் ஒருத்தி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. நிரையின் பாதியில் நின்றாள். மேல்வரம்பில் கங்காணி மாமா. அவருக்குக் கொஞ்சம் தள்ளிக் கண்டாக்கையாவின் தொப்பி. அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. செடிகளை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்து, அவசரமில்லாமல், மற்றவர்கள் போன வழியே இறங்கினாள். தொப்பி கங்காணி மாமாவிடம் நகர்ந்தது. இருவரும் ஏதோ பேசினார்கள். அவ்வளவுதான் தெரிந்தது. டீமேக்கர் கீழேயிருந்து கூப்பிட்டார்.

சாயங்காலம் கங்காணி மாமா ஸ்டோர் வாசலில் நின்றார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"பத்து மணிக்கு எறங்கிட்டா."

"பாத்தேன்."

"நான் கூப்புடல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கண்டாக்கையா கேட்டாரு, யாரது போறதுன்னு. புள்ளக்காரின்னு சொன்னேன்."

ஸ்டோருக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி இடங்களில் ஏதாவது ஒன்று சொல்லி ஆளைச் சிரிக்க வைத்து அனுப்புவது என் பழக்கம். அவரும் அதற்குத்தான் நின்றாரோ என்னவோ.

"பேரு?" என்றேன்.

"போட்டாச்சு. நாளைக்கும் போடுவேன்." கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பி வந்தார். "அவ ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா மாமா."

தலையை ஆட்டினார். திரும்பிப் போனார்.

நான் காம்பராவுக்கு வந்தபோது அவள் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். கூடை நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேட்பதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள்.

"எறங்கிப் புள்ளக் காம்பராவுக்குப் போனேன். கீழ் லயத்துப் பொண்ணு இருக்காள்ல, அவ புள்ளக்கி மேலு சுடுது. பால எடுக்க மாட்டேங்குது. அவ குடுத்துட்டுக் கூடைய எடுக்க ஓடுறா."

"நீ என்ன சொன்ன?"

"திரும்பி மலைக்கு ஏறாத, நேரா டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போன்னு சொன்னேன். பயந்தா. கங்காணி வைவாருங்கிறா. நானே கூடப் போனேன். மருந்து குடுத்திருக்காரு. நாளைக்கும் அவ வரமாட்டா."

"மாமாகிட்ட யாரு சொல்றது?"

"சொல்லிட்டேன்" என்றாள். தேத்தண்ணியை ஊற்றி என் பக்கம் நகர்த்திவிட்டு, அடுப்பில் இன்னொரு கட்டையை வைத்தாள்.